சான் ஹுவான் லா லகூனா நெசவாளர்களுக்கு ஒரு நன்றி மடல்

குவாத்தமாலாவில், அத்தித்லான் ஏரிக்கரையில், சான் ஹுவான் லா லகூனா ஊரில், ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டி இடுப்புத்தறி நெய்யும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பருத்தியில் இயற்கைச் சாயம் நிற்பதில்லை, இரண்டு சலவையில் வெளுத்துவிடுகிறது என்ற புகாரோடுதான் உங்கள் முற்றத்துக்கு வந்தோம். கோளாறு சாயத்தில் இல்லை, சாயத்துக்கு முந்தைய வேலையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

பஞ்சின் மேல் மெழுகு உண்டு. அது போகாமல் எந்தச் சாயத்தில் முக்கினாலும் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். ஒரு கிலோ நூலுக்கு 20 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகிறது. அலசிக் காயவைத்த நூலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். உடனே அமிழ்ந்தால் சரி; மிதந்தால் மறுபடி கொதிக்கவிட வேண்டும். ஒன்று கவனம்: இஷ்காக்கோ என்ற பழுப்புப் பருத்தி சோடா பட்டால் இன்னும் கருக்கும். அதன் நிறத்தை வெந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது வாழை. எங்களூரில் கூட்டுக்கு நறுக்கும் உள்தண்டு இல்லை, மட்டை மட்டையாக இருக்கும் மரத்தையே நறுக்கிக் கொதிக்கவிட்ட சாறு. வேட்டியில் வாழைக்கறை பட்டால் சாகும்வரை போகாது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தக் கறையே சாயத்தைப் பிடித்து வைக்கும் என்று தோன்றியதில்லை! அதில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் காரணம். சாயத்தை நூலோடு பிணைப்பது படிகாரம்; அது கம்பளியில் தானாகவே ஒட்டும். பருத்தியில் துவர்ப்பு முதலில் ஏறியிருந்தால்தான் நன்றாக ஒட்டும். துவர்ப்பு ஏற்றிய நூலுக்கு, கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் படிகாரம் போதும். கூடப் போட்டால் நிறம் கூடாது, நூல்தான் பிசுபிசுக்கும்.

சிவப்புக்குக் கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சி. ஒரு கிலோ உலர்ந்த பூச்சி என்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உயிர்; வீணாக்க மனசு வராது. நைஸாக அரைத்துத் துணியில் முடிந்து, கொதிக்கவிடாமல் 80 டிகிரியில் வைக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் செம்மஞ்சள் பக்கம் போகும், சுண்ணாம்பு சேர்ந்தால் ஊதா பக்கம். இரும்புச் சட்டி கூடவே கூடாது, சிவப்பு கருத்துவிடும். தண்ணீர் மாறினாலும் நிறம் மாறும். ஆகவே சாயக் குறிப்பில் எந்தத் தண்ணீர் என்று எழுதுவது கட்டாயம். அச்சியோத்தே விதை தரும் ஆரஞ்சு வெயிலில் நிற்காது. அதைப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, வைக்காதீர்கள் என்று நீங்கள் தடுத்தது சரிதான்.

பாவு விஷயத்தில் சொன்னதும் பெரிது. இந்தத் துணியில் பாவுதான் கண்ணுக்குத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை உள்ளே மறைந்துவிடும். எனவே ஒரு துணிக்கு வேண்டிய பாவு நூல் முழுதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நனைய வேண்டும். இரண்டு தொட்டி ஆனால் நெய்து முடித்த பிறகு தேவையில்லாத கோடு விழும், அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஊடைக்குத் திருத்தமான நிறம் வேண்டாம் என்பதால் சாயமும் விறகும் மிச்சம்.

பாவின் இறுக்கத்தை அளக்க, இடுப்பில் கட்டும் முனையையும் கட்டையில் இறுக்கிக் கட்டலாமா என்று கேட்டோம். சிரித்தீர்கள். பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதை உயர்த்தும்போது முன்னே சாய்ந்து தளர்த்துகிறீர்கள், பலகையால் அடிக்கும்போது பின்னே சாய்ந்து இறுக்குகிறீர்கள். ஒவ்வொரு ஊடைக்கும் இது நடக்கிறது. கட்டையில் கட்டினால் விழுது எழாது, வலிந்து தூக்கினால் இழை அறும். இடுப்பும் தறியின் ஒரு பாகம் என்பதை எங்கள் ஆய்வுப் படிவத்தில் எழுத இடமே இல்லை, படிவத்தைத்தான் மாற்றினோம்.

த்சுதுஹில் மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிச் சொன்ன இளையவர்களுக்குத் தனி நன்றி. ‘அது நீலம் இல்லை, நீலமாகப் போகிற பச்சை’ என்று அவுரித் தொட்டியிலிருந்து நூலைத் தூக்கும் கணத்தில் திருத்தியவர்கள் அவர்கள். காற்று பட்டுத்தானே நீலம் வருகிறது.

நீங்கள் உடுத்தும் ஹுய்பில் என்ற சட்டைகளின் பூவேலையை நாங்கள் வரைந்தெடுக்கவில்லை. அது ஊருக்கு ஊர் வேறு, ஊருக்கே சொந்தம். மாயா நெசவாளப் பெண்கள் 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய்க் கேட்டது இந்தக் கூட்டு உரிமையைத்தான். சாயக் குறிப்புகளின் முதல் பிரதி உங்களிடம் இருக்கும், ஒலிப்பதிவும் உங்கள் மொழியிலேயே. வெளியே கொடுக்கலாமா, எதைக் கொடுக்கலாம் என்பதை நீங்கள் கூடிப் பேசிச் சொல்லும்வரை எங்கள் பிரதி பூட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
இயற்கைச் சாய ஆய்வுக் குழுவினர்