அந்த ஊருக்கு வெளியே

பாங்கர், வேல்ஸ்
ஜூன் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். இங்கே ஜூனிலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடிவதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

சனிக்கிழமை போன் பண்ணினால் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு பகுதியாக 'தி பிரிசனர்' என்று ஒரு தொடர் ஐடிவி என்ற இங்கத்திய சேனலில் வந்தது. மொத்தம் ஆறு பகுதி, போன மாதம் முடிந்துவிட்டது. 1967-ல் இதே பெயரில் வந்த தொடரைத்தான் திரும்ப எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அந்தப் பழைய தொடர் என்றால் உயிரை விடுவார். பதினேழு பகுதியையும் முதலில் எனக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

கதை இதுதான். ஓர் உளவாளி வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டி கட்டுகிறான். மயக்கமருந்துப் புகை விட்டு அவனைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். கண் விழித்தால் கடலோரத்தில் ஓர் அழகான ஊர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவன் ஆறாம் எண். ஏன் ராஜினாமா செய்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவன் சொல்லவே மாட்டான். தப்பி ஓடினால் ஒரு பெரிய வெள்ளை பலூன் துரத்தி வந்து அமுக்கிவிடும். நான் எண் இல்லை, சுதந்திரமான மனிதன் என்று ஆறாம் எண்ணாக நடித்த பாட்ரிக் மக்கூஹன் கத்தும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. போன வருஷம் ஜனவரியில்தான் அவர் இறந்தார். புதியதை அவர் பார்க்கவே இல்லை.

அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறது, அக்கா! போர்ட்மெய்ரியன் என்று பெயர், இங்கிருந்து பஸ்ஸிலேயே போகலாம். கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925-ல் தொடங்கி ஐம்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. மணிக்கூண்டு, வண்ணம் அடித்த வீடுகள், கீழே ஆற்றுமுகத்தின் மணல்வெளி. தொடரின் ரசிகர்கள் வருஷாவருஷம் அங்கே கூடி, ஆட்களையே காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

புதியதை நமீபியாவில், ஸ்வாகோப்முண்ட் என்ற ஊரில் எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் பாலைவனம். ஜிம் கேவீசல்தான் ஆறாம் எண். மக்கூஹனிடம் இருந்த கோபம் இவரிடம் இல்லை, பாதி நேரம் குழம்பிப் போய் நிற்கிறார். ஊரை ஆளும் இரண்டாம் எண்ணாக இயன் மெக்கெல்லன், அவருக்காக மட்டுமே பார்க்கலாம். வீட்டுக்காரர் மூன்றாவது வாரமே எழுந்து போய்விட்டார்.

நான் போகவில்லை. பழைய தொடரில் வெளியே உலகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், போகத்தான் விடமாட்டார்கள். புதியதில் அந்த மக்களுக்கு வேறு ஊர் என்ற நினைப்பே கிடையாது. நியூயார்க் என்று இவன் சொன்னால் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். வேறு இடத்தைக் கனவில் காண்கிறவர்கள் அதை ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள். பலூனைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இங்கே வேலை செய்யும் இடத்தில் நம் ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தத் தொடரைப் பார்த்த பிறகு சொல்லத் தொடங்கியிருக்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

முடிவுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டாம் எண்ணின் மனைவி மயக்கத்தில் காணும் கனவுதான் அந்த ஊராம். கடைசியில் ஆறாம் எண்ணே அதைப் பொறுப்பேற்று நடத்த ஒப்புக்கொள்கிறான். பழைய தொடர் விடை சொல்லாமல் முடிந்ததற்கு அன்றைக்கு ஜனங்கள் கொதித்துப்போனார்களாம். கொதிக்கட்டும், அவன் தலைகுனியவில்லை அல்லவா? இப்படிப் பணிய வைப்பதற்கா நாற்பது வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள்?

பழைய தொடரின் டிவிடி ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நண்பர் ஒருவர் திருச்சி வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அத்தானும் நீயும் பார்த்துவிட்டு எழுதுங்கள். குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
தம்பி