உதகைப் பூங்காக்களில் உள்ளூர் மக்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் காட்சி குறித்த செய்திகளும் வண்ணப் படங்களும் உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் இடம்பெறுகின்றன. எத்தனை லட்சம் மலர்கள், எந்த வடிவத்தில் அலங்காரம், முதல் நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வசூலானது என்பவற்றை அச்செய்திகளில் படிக்கிறோம். வந்தவர்களில் உதகையிலேயே குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் நான் எங்கும் படித்ததில்லை. அந்தக் கணக்கு கேட்கப்படாமலேயே ஓர் ஊரின் பூங்காக்கள் அனைத்தும் சுற்றுலா இடங்களாக மட்டுமே திட்டமிடப்படுவது பற்றியும், குதிரைப் பந்தய மைதானம் இருந்த நிலத்தில் புதிய பூங்கா பேசப்படும் இவ்வேளையில் அந்தப் போக்கு மாற வேண்டியதன் தேவை பற்றியும் எழுத விரும்புகிறேன்.

தாவரவியல் பூங்கா வெளியூர் விருந்தினருக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1840-களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, தங்களுக்குக் காய்கறி மலிவாகக் கிடைப்பதற்காக ஒரு தோட்டம் அமைத்தார்கள். அது நீடிக்கவில்லை. பொதுத் தோட்டம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னர் எழுந்து, 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்று, தொட்டபெட்டாவின் அடிச்சரிவைத் திருத்தி இன்று நாம் காணும் அடுக்கடுக்கான தோட்டத்தை உருவாக்கினார். அந்தச் சந்தாதாரர்கள் ஆளும் இனத்தவர்கள் என்பதையும், பூங்காவின் மேல் எல்லையில் இன்றும் இருக்கும் மந்து என்னும் குடியிருப்பின் தோடர் பழங்குடியினரைக் கேட்டுக்கொண்டு யாரும் அங்கே வேலி போடவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு விருப்பமும் இல்லை. ஆயினும், ஊரில் வசிப்பவர்களின் அன்றாடத் தேவைக்காகப் பிறந்த ஒரு தோட்டத்தில், சுதந்திரத்திற்குப் பிறகு அந்த ஊரின் சாதாரணக் குடிமக்களுக்கு உரிமையுள்ள இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. மலர்க் காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் நிறுவனத் தோட்டங்களுக்கும் போட்டி வைத்துக் கோப்பை வழங்கும் வழக்கம் மட்டுமே அந்தப் பழைய தொடர்பின் மிச்சமாக இருக்கிறது. 2025 மே மாதம் நடந்தது 127-ஆவது மலர்க் காட்சி.

பூங்காவின் ஆண்டுச் சுழற்சியைக் கூர்ந்து பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். ஏப்ரல், மே மாதங்கள் முதல் சீசன். அதற்கான நாற்று நடவும் தொட்டி அடுக்கும் வேலையும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். அதற்கு முன்பாகப் பெரிய புல்வெளியில் யாரும் நடக்கக் கூடாது என்று கயிறு கட்டிப் புல்லைப் பராமரிப்பார்கள். இடையில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை. நவம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை உறைபனி. செடிகள் கருகாமல் இருக்க ஊழியர்கள் அவற்றின் மேல் மிலார் என்னும் செடியின் தழைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். வெயில் இதமாக இருக்கும் வாரங்களில் வெளியூர்க் கூட்டம், கூட்டம் குறைந்த வாரங்களில் மழை அல்லது பனி அல்லது கயிறு என்பதுதான் உள்ளூர்க்காரர் காணும் பூங்கா. சீசனில் மாலை நேரத்தில் ஒரு முதியவரோ கைக்குழந்தையுடன் ஒரு தாயோ உட்கார அங்கே ஓர் இருக்கையைத் தேடிப் பார்க்கட்டும்.

புல்வெளியை மூடுவதை நான் குறை சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நடந்தால் மண் இறுகி, நீரும் காற்றும் வேருக்குச் செல்லாமல் புல் மடியும்; ஓய்வு கொடுத்தால்தான் அது மீளும். கேள்வி என்னவென்றால், மே மாதக் கூட்டத்தின் பாரத்தை ஈடுசெய்ய வேண்டிய ஓய்வுக்காலத்தின் விலையை ஏன் உள்ளூர் மக்களே செலுத்த வேண்டும்? மலர்க் காட்சி நாள்களில் நுழைவுக் கட்டணம் வழக்கமானதைவிடக் கூடுதலாக வசூலிக்கப்படுகிறது. நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வருபவர் அதைப் பயணச் செலவில் ஒரு சிறு பகுதியாகக் கருதிக் கொடுத்துவிடுவார். உதகையின் காந்தல் பகுதியில் குடியிருந்து மார்க்கெட்டில் கூலி வேலை செய்யும் ஒருவர் தம் குடும்பத்தில் நால்வருக்கும் அதே கட்டணத்தைக் கொடுக்க வேண்டும் என்றால், அவர் வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்து போய்விடுவார். பூங்காவைப் பார்க்கச் செல்வதும் பூங்காவில் பொழுதைக் கழிப்பதும் வெவ்வேறு தேவைகள். முன்னதற்கு ஒரு நாள் போதும். பின்னது ஆண்டு முழுவதும் தேவைப்படுவது. கட்டணம், நேரம், பராமரிப்பு ஆகிய மூன்றும் முன்னதை மட்டுமே மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டிருக்கின்றன.

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லும் தகுதி உதகையில் யாருக்கும் இல்லை. காட்டேஜ் நடத்துபவர், வாடகைக் கார் ஓட்டுநர், சாக்லேட், வர்க்கி விற்பவர், ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர் என இந்த ஊரின் பாதிக் குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் அதை நம்பியிருக்கின்றன. பூங்காவின் கட்டண வருவாய் பராமரிப்புக்கு உதவுகிறது என்பதும் உண்மை. ஆனால் அவ்வருவாயையே ஒரு பூங்காவின் வெற்றிக்கு அளவுகோலாக வைத்தால், நாளடைவில் காசு ஈட்டாத மூலை ஒவ்வொன்றும் வீண் இடமாகத் தோன்றத் தொடங்கும். மரத்தடி இருக்கை காசு ஈட்டாது. செல்பி எடுக்கும் கூடம் ஈட்டும். சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைன், பறவைக் கூடம், இசை நீரூற்று எனத் தனித்தனிக் கட்டணத்துடன் கூடிய அம்சங்கள் அமைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இனி வரும் பூங்காக்களுக்கு அதுவே முன்மாதிரி ஆகிவிடுமோ என்ற ஐயம் எழுகிறது. பெருநகரத்தில் அப்படி ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே நடக்கவும் உட்காரவும் வேறு பூங்காக்கள் உண்டு.

உள்ளூர்வாசிக்கும் விருந்தினருக்கும் வேறுபாடு காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு விடை ஏற்கெனவே நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் மட்டும் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. மலையின் சாலையில் இங்கே வாழ்பவரின் தேவை வேறு, வந்து போகிறவரின் தேவை வேறு என்பதை அரசும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதே நியாயம் பூங்காவின் வாயிலில் மட்டும் ஏன் செல்லாது?

இதற்கு அண்டை மாநிலத்திலும் உதாரணம் உண்டு. பெங்களூரு லால்பாக் 240 ஏக்கர் பரப்புள்ள, ஹைதர் அலி காலத்தில் தொடங்கிய தாவரவியல் தோட்டம். குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி அங்கே நடக்கும் மலர்க் காட்சிகள் உதகைக்குக் குறைந்தவையல்ல. ஆனாலும் காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரைக் கட்டணமின்றி அனுமதிக்கும் வழக்கம் அங்கே நிலைத்திருக்கிறது. அந்த நடையாளர்களே தோட்டத்திற்கு ஒரு கேடு வரும்போது முதலில் குரல் கொடுப்பவர்களாகவும் இருக்கிறார்கள். பயன்படுத்துபவர் இருந்தால்தான் காவலர் இருப்பார் என்பதை நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

கடல் கடந்து பார்த்தால் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் உள்ள குவெல் பூங்கா இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான அப்பூங்கா, மலைச்சரிவில் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. கூட்டம் தாங்காமல் 2013-இல் அதன் முக்கியப் பகுதிக்குக் கட்டணமும் நேர வாரியான நுழைவு வரம்பும் கொண்டுவந்த மாநகராட்சி, நகரவாசிகள் பதிவு செய்துகொண்டு இலவசமாக வரும் வழியையும் வைத்தது. சுற்றுலாப் பயணிகள் வருவதற்கு முந்தைய காலை நேரத்தை உள்ளூர் மக்களுக்கென்றே ஒதுக்கியது. அதனால் அங்கே எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பூங்காவுக்குச் செல்லும் 116-ஆம் எண் சிற்றுந்தில் அக்கம்பக்கத்து முதியவர்கள் ஏறவே முடியவில்லை என்று புகார் எழுந்ததால், 2024-இல் அந்தத் தடத்தைக் கூகுள் வரைபடத்திலிருந்தே நீக்கச் செய்தார்கள். மே மாதத்தில் உதகையின் சேரிங்கிராஸ் சந்திப்பில் நகரப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்களா, பொறாமைப்படுவார்களா என்று தெரியவில்லை.

இப்போது பந்தய மைதானத்திற்கு வருகிறேன். குத்தகைக் காலம் 1978-லேயே முடிந்துவிட்ட, சற்றேறக்குறைய 52 ஏக்கர் கொண்ட அந்த அரசு நிலம் 2024-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடமிருந்து மீட்கப்பட்டு, சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் தொடர்பான வழக்குகளின் நியாயங்களுக்குள் நான் நுழையவில்லை. ஊரின் நடுவில், பேருந்து நிலையத்தை ஒட்டி, இவ்வளவு பெரிய சமதளம் உதகையில் வேறு எங்கும் இல்லை என்பதே எனக்கு முக்கியம். சரிவுகளில் வீடு கட்டி வாழும் ஊரில் முழங்கால் வலியுள்ள ஒருவர் நடப்பதற்கும், சிறுவர்கள் பந்தை உருட்டி விளையாடுவதற்கும் சமதளத்தைப் போன்ற அரிய பொருள் கிடையாது. மேலும், ஆங்கிலேயர் ஆட்சியில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்ட உதகை ஏரி ஒரு காலத்தில் இப்பகுதி வரை பரந்திருந்தது. கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் மழைநீரைச் சுமந்துகொண்டு இவ்வழியாகத்தான் ஏரிக்குச் செல்கிறது; கனமழை நாளில் இங்கே நீர் தேங்குவதை ஊரார் அனைவரும் கண்டிருக்கிறார்கள். இந்த நிலத்தில் கட்டடங்களும் சிமென்ட் தளங்களும் குறையக் குறைய ஊருக்கு நல்லது. நீர் தங்கும் தாழ்வான புல்வெளி, சுற்றிலும் நடைபாதை, இருக்கைகள், ஒரு மூலையில் சிறுவர் விளையாட்டிடம் என்ற அளவில், நுழைவுச்சீட்டு இல்லாத திறந்தவெளியாக இது இருக்கட்டும். சுற்றுலாப் பயணிக்குக் காட்ட ரோஜாப் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் ஏரியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவும் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றைக் காட்டாவிட்டால் யாரும் மலையேறாமல் இருந்துவிடப் போவதில்லை.

பழைய பூங்காக்களைப் பொறுத்தவரை நான் கேட்பவை செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. நகரிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் எஸ்டேட்டுகளிலும் வசிப்பவர்களுக்குக் குடும்ப அட்டையின் அடிப்படையில் சிறு தொகைக்கு ஆண்டு அனுமதிச் சீட்டு வழங்கலாம். குடும்ப அட்டை இங்கே இல்லாத வெளியூர்த் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பணியிடம் அல்லது கல்லூரி தரும் சான்று போதும் என்று வைக்கலாம். காலையில் இரண்டு மணி நேரத்தைச் சீசனிலும் கூட அச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். பெரிய புல்வெளியை ஒட்டுமொத்தமாக மூடாமல் பகுதி பகுதியாக ஓய்வு கொடுத்து, ஒரு பகுதியாவது எப்போதும் திறந்திருக்கும்படி சுழற்சி முறையைக் கையாளலாம். இது தமிழ்நாட்டு மக்கள் அனைவரின் வரிப்பணத்தில் நடக்கும் பூங்கா, உதகைக்காரருக்கு மட்டும் ஏன் சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பூங்காவில் மாலையில் உட்கார்ந்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை இங்கே வருகிறார்கள். இங்குள்ளவர்களுக்கு அந்த ஊர்ப் பூங்காவே இதுதான். நாளில் இரண்டு மணி நேரம் இதற்குப் பெரிய விலையன்று.

அடுத்த கோடை விழாவுக்கான ஆலோசனைக் கூட்டங்கள் வழக்கம்போல் குளிர்காலத்தில் தொடங்கும். கட்டணத்தை அறிவிப்பதற்கு முன்பாக மாவட்ட நிர்வாகம் நகர்மன்ற உறுப்பினர்கள், குடியிருப்போர் சங்கங்கள், வணிகர்கள், பூங்கா ஊழியர்கள் ஆகியோரை ஒரே கூட்டத்திற்கு அழைத்து இவற்றைப் பேச வேண்டும் என்றும், பந்தய மைதான நிலத்திற்கான வரைபடத்தை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே நகராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் உங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மலர்க் காட்சியின் வருகைக் கணக்கை வெளியிடும்போது உள்ளூர் சீட்டில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் தனியாக வெளியிடும்படி உங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்டால், அது எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உதகை வாசகர் ஒருவர்,
உதகமண்டலம்.