பூக்கார அத்தையின் அண்டா

வேதாரண்யம்
28.12.2024

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஃபிரிட்ஜ் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வேனில் வந்த பையன்கள் இரண்டு பேரும் வாசல்படி இடிக்காமல் பக்குவமாக இறக்கி வைத்தார்கள். கூடத்தில் உன் தாத்தா படத்துக்குக் கீழேதான் இடம் கிடைத்தது. உன் அம்மா அதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீரையும் ஒரு முழம் முல்லையையும் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். மாவை மட்டும் உள்ளே வைக்க மாட்டாளாம், புளிக்காதாம். எதிர்வீட்டுப் பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "புள்ள சம்பாத்தியம்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொன்னார். உன் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நீ நாலைந்து தடவை கூப்பிட்டதாகச் சொன்னாள். கடையில் கூட்டம் என்று சொல்லியிருப்பாள். மார்கழியில் ஹார்டுவேர் கடையில் என்ன கூட்டம் இருக்கும் என்று உனக்கே தெரியும். போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடறேன்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் அம்மாவுக்குத் தெரியாது.

ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எடிட்டிங் எடிட்டிங் என்று பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்? உன் சித்தப்பாவுக்கு அல்சர் வந்தது இப்படித்தான்.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மாமரம் இன்னும் பூக்கவில்லை. நேற்று முன்தினம் சுனாமி வந்து இருபது வருஷம். நாகப்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றினார்கள், டிவியில் காட்டினார்கள். கீச்சாங்குப்பம் பக்கம் நம் சொந்தத்தில் போனவர்களை நினைத்து உன் அம்மா விளக்கேற்றினாள். மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் பையன் ஓடி வந்து, "பெரியப்பா, அண்ணன் வீடியோ நாப்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க" என்று போனை நீட்டினான். தென்பெண்ணை வெள்ளத்தில் வீடு போன பொம்பளை ஒருத்தி டிவி மைக்கைப் பார்த்து அழுகிறாள். அவள் வாயசைப்புக்கு நீ குரல் கொடுத்திருக்கிறாய். அழுகை ஏறுகிற இடத்தில் "பிரியாணிக்கு லெக் பீஸ் வரலீங்க" என்கிறாய். பெஞ்சில் இருந்த ஆறேழு பேரும் சிரித்தார்கள். பொய் சொல்லமாட்டேன், நானும் சிரித்தேன். என் மகன் குரலாயிற்றே என்ற பெருமை வேறு. அன்றைக்கு எல்லோருடைய டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மா போனில் தேடி இன்னொரு தடவை பார்த்தேன். முன்னால் ஒரு விளம்பரம் ஓடியது, கூரை ஒழுகாமல் இருக்க அடிக்கிற பெயிண்டாம். நான் கடையில் விற்கிற சரக்குதான். அது முடிந்ததும் கூரையே போனவள் வந்து அழுகிறாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவள் நிஜமாகவே என்னதான் சொன்னாள் என்று பார்க்கத் தோன்றியது. அந்தச் செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்ட சமயம். அதற்கு முன்பே ஃபெஞ்சல் புயல் மழை, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அவள் பிரியாணி கேட்கவில்லை தம்பி. ராத்திரி தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது மேட்டுத்தெருவில் போய்க் கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை என்கிறாள். அந்த வரியின் மேல்தான் நீ லெக் பீஸை வைத்திருக்கிறாய்.

வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். சத்தத்தை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்துத்தான் எழுதுவோம் என்று போன தீபாவளிக்கு நீயே சொன்னாய்.

நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரியும். "சிரிச்சாத்தாம்பா ஜனங்க பாப்பாங்க, நான் கவர்மெண்டைத்தானே கிண்டல் பண்றேன்" என்பாய். முழு வீடியோவையும் மூன்று தடவை பார்த்தேன். கவர்மெண்ட் அதில் எங்கேயும் வரவில்லை.

கஷ்டத்தில் சிரிக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். தாத்தா இறந்த ராத்திரி உன் மாமன்கள் திண்ணையில் சீட்டாடிக்கொண்டு என்னென்ன பகடி பேசினார்கள்! "கிழவன் எமனுக்கே வட்டிக்கு விட்டுருவாரு" என்றதும், அழுதுகொண்டிருந்த உன் அப்பாயியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். விடிந்ததும் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களும் அந்த மாமன்கள்தான். கஜா புயலுக்கு நாமே சிரிக்கவில்லையா? கஜா என்றால் யானை என்று யாரோ சொல்லப் போக, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொன்னானுவோ, இந்த யானைக்கு மணி கட்ட மறந்துட்டானுவோ" என்று நம் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஒரு தென்னை பாக்கியில்லாமல் சாய்ந்து கிடந்தபோது உன் சித்தப்பா, "இனிமே தேங்கா பறிக்க ஆள் தேட வேணாம், குனிஞ்சா போதும்" என்றான். சொல்லிவிட்டு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதான். மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தார்கள். முப்பது வருஷ மரம். அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தான்.

அவன் மரம், அவன் சிரித்தான். நீ சிரித்தது யார் வீட்டு மரத்துக்கு?

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று மனசு அடித்துக்கொண்டது. இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை புயல் கரை கடந்தது. மறுநாளே நான் திருச்சிக்குக் கிளம்பினேன், உனக்கு நினைவிருக்கும். வழியெல்லாம் மரம் கிடந்தது, போய்வர ஒன்றரை நாள். 140 படுதா, நாலு பெட்டி மெழுகுவர்த்தி, ஒரு ஜெனரேட்டர். படுதா ஒன்று 450 ரூபாய். வண்டி வாடகை, டீசல், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்தாலும் கடையில் வந்து இறங்கியபோது 600க்கு மேல் அடக்கம் இல்லை. நான் 1,200க்கு விற்றேன். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. லாபம் 84 ஆயிரம். ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது தனிக் கணக்கு, தொட்டிக்கு 500. போன் சார்ஜ் ஏற்ற 30. நீதான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தாய், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். நம் தெருவுக்குக் கரண்ட் வர 26 நாள் ஆயிற்று. கேரளாவிலிருந்து லைன்மேன்கள் வந்து கம்பம் நட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் அவர்கள் ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அவர்களுக்கு உன் அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

நீ கேட்டதுண்டு, பரண்மேல் இருக்கிற பெரிய பித்தளை அண்டா யாருடையது, அம்மா ஏன் அதில் ஒன்றும் போட்டு வைப்பதில்லை என்று. பழைய சாமான் என்று சொல்லி மழுப்பினேன். நீ மறந்திருக்க மாட்டாய், நான் என்ன சொல்வேன் என்று கேட்டுப் பார்த்திருப்பாய், அவ்வளவுதான். அது பூக்கார அத்தையின் அண்டா.

நாலாம் நாள் சாயங்காலம் அத்தை கடைக்கு வந்தார். கீற்றுக் கூரை மொத்தமும் போய்விட்டது, மகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். கையில் 400 ரூபாய்தான் இருந்தது, மிச்சத்துக்கு அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏக்கா, ஒனக்கு எதுக்குப் படுதா? அண்டாவக் கவுத்துப் புள்ளய உள்ள வச்சா ஒரு சொட்டு நனையாது." வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தார், வேறு என்ன செய்வார்? சிரித்துக்கொண்டே அண்டாவைத் தராசுப் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் 400ஐயும் வாங்கிக்கொண்டு அண்டாவையும் உள்ளே எடுத்து வைத்தேன். நீ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாய். எல்லோரையும்விட உன் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது. நன்றாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, அதைத்தான் டீக்கடையில் மறுபடி அனுபவித்திருக்கிறேன்.

அத்தை அண்டாவை மீட்க வரவே இல்லை. நானும் ஆள் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த ஜூனில் உனக்குக் கட்டிய முதல் வருஷ ஃபீஸ் 82 ஆயிரம்.

சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் போய்விட்டு வந்து எத்தனை நாள் திட்டியிருப்பேன்! ரோட்டோரம் பழந்துணியாகக் கொட்டிவிட்டுப் போகிறான், பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் காமிராக்காரன் இன்னொரு தடவை அழச் சொல்கிறான் என்று. பதினாலு வருஷம் கழித்து எனக்குச் சந்தர்ப்பம் வந்ததும் நான் செய்தது இது.

முந்தாநாள் அண்டாவை இறக்கினேன். உன் அம்மா ஏன் என்று கேட்கவில்லை, புளியை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தாள். நானே தேய்த்தேன். பாதி தேய்த்ததும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. அத்தையின் பெயர், அவருடைய அப்பா பெயர், 12.6.78. கல்யாணச் சீர். இருபத்தைந்து வருஷமாக அவரிடம் பூ வாங்குகிறோம், பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. கூரை இப்போது தகரம். மகளோடு திருப்பூரில் இருக்கிறாராம், மருமகனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த நீலப் படுதா இன்னும் இருக்கிறது தம்பி. நைந்துபோய், மாட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறது.

அந்த வீடியோவை எடுத்துவிடு என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எடுத்துவிட்டு வேறொன்று போடுவாய். அதில் மொத்தம் எவ்வளவு வந்தது, ஃபிரிட்ஜ் அந்தப் பணம்தானா என்பதை மட்டும் எழுது. அந்தப் பணம் இல்லை என்றாலும் எழுது, உன் அம்மா மாவை உள்ளே வைக்கட்டும். அந்தப் பணம்தான் என்றால் அவளிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல். உனக்குக் குரல் நன்றாக வரும், சின்ன வயதிலேயே வரும். கோயில் மைக்கில் நீ பேசினால் ஐயரே திரும்பிப் பார்ப்பார். அதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

போகிக்கு முதல் நாள் ராத்திரி பஸ்ஸுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு, பிறகு கிடைக்காது. பைக்கில் வருகிற யோசனை வேண்டாம், ராத்திரியில் ஈசிஆர் ரோடு நல்லதில்லை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பொங்கலன்று மத்தியானம் நாம் இரண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போய்வரலாம். அண்டாவைத் தனியாகத் தூக்கிப் பார்த்தேன், என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இரண்டு பக்கமும் வளையம் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: 800 ரூபாயையும் கூடவே கொண்டுபோகலாமா, கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.