வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் வழக்கம்போல மொட்டைமாடியில் கூடினோம். சித்திரையில் மட்டும் ஈ, காக்கை வரவில்லை. ஊரே வைகைக் கரையில் நிற்கும்போது கூட்டம் வைத்தது செயலாளரின் தப்புதான்.

இந்த ஆண்டு புத்தகங்களைப் பற்றிய புத்தகங்களாகவே வாசிப்பது என்று முடிவு செய்திருந்தோம். முதலில் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய 'என் சரித்திரம்'. தலையணை கனம் என்று முனகியவர்களும், 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த சந்திப்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்க, அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டார் அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அடுத்த கேள்வி. அந்த நூல் ஐயர் கைக்கு அதுவரை வந்ததே இல்லை. 1887-ல் அவரே அதைப் பதிப்பித்தார். இந்த இடத்தை நம் மூத்த உறுப்பினர் உரக்க வாசிக்கும்போது கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் வாசித்து முடித்தார். கொசுக்கடியிலும் ஒருவர் எழுந்து போகவில்லை.

அப்புறம் '84, சேரிங் கிராஸ் ரோடு'. நியூயார்க்கிலிருந்து ஹெலன் ஹான்ஃப் லண்டன் பழைய புத்தகக் கடை ஒன்றோடு 1949 முதல் நடத்திய கடிதப் போக்குவரத்து. ரேஷனில் தவித்த கடைக்காரர்களுக்கு இறைச்சியும் முட்டையும் பார்சல் அனுப்பிய அந்த அம்மா, கடையின் ஃபிராங்க் டோயல் 1968-ல் இறக்கும்வரை அவரை நேரில் பார்க்கவே இல்லை. பேச்சு உடனே மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகளுக்குத் தாவிவிட்டது. "குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகளை மாத்துனதெல்லாம் சரி, சாஞ்சு நின்னு ரெண்டு பக்கம் படிக்க அந்தத் தூண் இல்லையே" என்றார் ஓர் அக்கா.

புத்தகங்களைத் தேடி எரிக்கிற ஒரு காலத்தைப் பற்றிய நாவலான ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. கடைசியில் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாக வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன். திண்ணைப் பள்ளியில் செய்யுள் அகராதியான நிகண்டை ஒப்பித்த நம் ஆட்களுக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு குறை. வட்டத்திடம் இருந்த ஒரே 'என் சரித்திரம்' ஆடியிலிருந்து காணோம். பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. நான் ஒருவரிடம் கொடுத்தேன், அவர் இன்னொருவரிடம் கொடுத்தாராம். சுவடி தேடிய ஐயர் மாதிரி நாலு வீட்டுப் பரணில் ஏறி இறங்கிவிட்டேன். யார் வீட்டில் இருந்தாலும் சரி, கேள்வி கேட்க மாட்டோம். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்