மாடி அறையின் சாவி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
புளியந்தோப்பு, பட்டாளம் தெருவாசிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்
(பெயர், முகவரி கையெழுத்துத் தாளில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்

பொருள்: சமூகக் கூடத்தின் கீழறையில் மழைநீரில் நனைந்து அழியும் பழைய பொருட்களை அதே கட்டடத்தின் மாடி அறைக்கு மாற்ற அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் ரசீது உண்டு. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்ல. போன மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை அருகே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தாங்கள் தண்ணீரில் நின்றதை எங்கள் தெருவே பார்த்தது. ஓட்டேரி நாலா நிரம்பினால் தண்ணீர் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று தங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. ஆடுதொட்டிப் பக்கமிருந்து வந்தால் இரண்டாவது திருப்பத்தில் உள்ள சமூகக் கூடமும் தங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் கீழறை பற்றியதுதான் இந்த மனு. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. அறையில் ராஜா காலத்துப் பொருள் ஒன்றுகூட இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துப் பக்கிங்காம், கர்னாடிக் துணி மில்களின் சம்பளக் கவர்கள், பித்தளை வில்லைகள், கிருஷ்ணாயில் அளவு எழுதிய ரேஷன் கார்டுகள், ரயில்வே அட்டை டிக்கெட்டுகள், ஒரு ஜோடி பாக்ஸிங் கிளவுஸ், கானா எழுதிய நாற்பது பக்க நோட்டு, கல்யாணப் பத்திரிகைகள், பேர் வெட்டிய தூக்குகள் பத்தொன்பது. ஏழு வருடமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவை. ஒரு தூக்கின் மூடியில் புள்ளி புள்ளியாக ‘கர்னாடிக் நெசவு 3’ என்று வெட்டியிருக்கிறது. அதில் ‘ச’ தலைகீழாக இருக்கிறது. வெட்டியவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார். நாற்பது வருடம் எழுத்தைத் தலைகீழாகவே பார்த்துக் கோத்தவன் என்பதால் என் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

2. பக்கிங்காம் மில் 1876-லும் கர்னாடிக் மில் 1881-லும் தொடங்கின, 1920-ல் ஒன்றாயின, 1996-ல் மூடப்பட்டன. 1918 ஏப்ரல் 27 அன்று இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் அதில் நின்றார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, துப்பாக்கிச் சூடு வரை போனது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பும் இருக்கும். அங்கே இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதாவது, இருந்தது.

கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போன ஒரு அடகுக் கடைக்காரரின் பேரன், போகும்போது எங்களிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். அவருடைய தாத்தா மீட்ட சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பாராம். மொத்தம் 141 சீட்டுகள். அதில் ஒரே வீட்டின் சீட்டுகள் மட்டும் இருபத்தாறு. இருபத்தாறிலும் ஒரே பொருள்: ‘பித்தளை அண்டா 1’. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அண்டா சேட்டு கடைக்குப் போகும். தீபாவளி போனஸ் வந்ததும் மீட்டிருப்பார்கள். மில் கதவடைத்த வருடம் அண்டா வெகுநாள் திரும்பவில்லை. மில் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதை அந்த அண்டாவை வைத்தே சொல்லிவிடலாம், ஐயா. கடைசிச் சீட்டு 1997-ல் போட்டது. அது கம்பியில் இல்லை. அந்த வீட்டு அம்மாவின் பீரோவில் இருந்தது. மீட்கவே இல்லை. ‘பேரை மறைச்சிட்டுக் காட்டுங்க, அடகு வச்சதை ஊருக்குச் சொல்லக்கூடாது’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியே செய்கிறோம்.

3. இப்போது தண்ணீருக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழறையில் இடுப்பளவு நின்றது. பூட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. மூன்றாம் நாள்தான் உடைத்து உள்ளே போனோம். அலமாரியின் கீழ் மூன்று தட்டும் தண்ணீரில். வில்லையும் தூக்கும் பரவாயில்லை, கழுவித் துடைத்தால் போதும். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே வேட்டிக்கு நீலம் கரைத்தது போல ஊதாத் தண்ணீர். அந்தக் காலத்தில் சீட்டெல்லாம் காப்பியிங் பென்சிலில் எழுதுவார்கள். காய்ந்திருக்கும்வரை சாதாரண பென்சில் போலத்தான் இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும். நல்ல பென்சிலில் எழுதியிருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. நான் காகிதத்தோடு வாழ்ந்தவன், எனக்குத் தெரியும், தெரிந்தும் அந்த டின்னைக் கீழ்த் தட்டில் வைத்தது என் தவறு. மேல் தட்டில் போட்டோக்களை வைத்திருந்தேன்.

கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. ஈரக் காகிதம் இரண்டு நாள் புழுக்கத்தில் கிடந்தாலே பூசணம் பிடித்துவிடும். வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கும். குளிரில் வைத்தால் பூசணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். காசிமேட்டில் எடுத்து எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா, அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டுத் தன் ஐஸ் பெட்டியைக் காலி செய்து கொடுத்தார். சீட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஐஸுக்கு நடுவே வைத்தோம். தினம் பத்துப் பத்தாக எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, பேப்பரை மாற்றி மாற்றி உலர்த்தினோம். பதினைந்து நாள் ஆயிற்று. இன்றும் முகர்ந்தால் வஞ்சிர வாசனை. 141-ல் இப்போது படிக்க முடிவது 58. அண்டாச் சீட்டுகளில் ஒன்பது மட்டும். மற்ற பதினேழும் ஊதாக் கறை.

அதற்குப் பிறகும் மழை வந்தது. அதற்குப் பிறகும் கீழறைதான். இப்போது மழைக்காலம் வந்தால் அலமாரிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துகிறோம். போன வருடம் நான்கு வரிசை. இந்த வருடம் எத்தனை வரிசை என்று தாங்களே சொல்லுங்கள்.

4. அதே கட்டடத்தின் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கால் உடைந்த நாற்காலிகளும் காலாவதியான கொசு மருந்து டின்களும் இருக்கின்றன. நாற்காலி நனைந்தால் ஒன்றும் ஆகாது, ஐயா. அவற்றுக்கு மாடி, எங்கள் சீட்டுகளுக்குத் தரை என்பது என்ன கணக்கு? முதல் மனு கொடுத்தபோது கவுன்டரில் இருந்த தம்பி, ‘பழைய பேப்பர்தானே சார், கடையில் போட்டால் கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும்’ என்றார். சின்னப் பையன், அங்கே கோபப்படவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்துதான் கோபம் வந்தது. இரண்டாவது மனுவுக்கு, இது பாரம்பரியப் பொருள் பட்டியலில் வராது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். சரி, வராமல் போகட்டும். பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாங்கள் எப்போது கேட்டோம்? நாங்கள் கேட்டது சாவி. மூன்றாவது மனுவுக்கு ரசீதில் சீல் நன்றாக விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

5. மில் இருந்த இடத்தில் கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங் நடந்தது, இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. நிதி வேண்டாம், ஆள் வேண்டாம், திறப்பு விழா வேண்டவே வேண்டாம்.

6. சாவி.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பாக மாடி அறையின் சாவியை எங்களிடம் ஒப்படைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து மூலம் உத்தரவு தர நாளாகும் என்றால், மழை முடியும்வரை தற்காலிகமாகத் தந்தாலும் போதும். நாற்காலிகளை இறக்க எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேர் தயாராக இருக்கிறார்கள். பெருக்கி, சுண்ணாம்பு அடிப்பதும் எங்கள் செலவு. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் நேரில் வந்து, தாங்கள் கூப்பிடும்வரை வெளி பெஞ்சில் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகளுக்காக, ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்
புளியந்தோப்பு

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல் மூன்று, கையெழுத்துத் தாள்கள் நான்கு, அண்டாவின் கடைசி அடகுச் சீட்டு, பெயர் மறைத்த நகல் மட்டும். அசலை என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.