சாவியைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போன பாதிரியார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியார் கல்லூரி நிர்வாகங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் சில நாட்களாக வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கட்டணம், நன்கொடை, சம்பள நிலுவை என்று எல்லாரும் பணத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர். நாற்காலியைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்றுதான் இந்தக் கடிதம்.

எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். அங்கே செயலராக இருந்தவர் நல்ல மனிதர். கல்லூரிக் காசில் ஒரு காப்பி குடித்ததில்லை. ஆனால் 80 தாண்டியும் பொறுப்பை விடவில்லை. நடமாட்டம் குறைந்ததும் கோப்புகள் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. தினமும் பதினொரு மணிக்கு நானும் அட்டெண்டரும் கோப்புக் கட்டோடு போய் முகப்பில் உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து கூப்பிட்டால் பட்டாலைக்குப் போக வேண்டும். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் பேனாவை ஒரு தடவை உதறுவார். தரையில் பச்சை மை தெறிக்கும். வீட்டு ஆச்சி எங்களை முறைப்பார்கள், ஏதோ நாங்கள் உதறினது போல.

ஒரு தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் 22 பேருக்கான சம்பளக் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். வங்கியில் இருந்த மாதிரிக் கையெழுத்து அவர் ஐம்பத்தெட்டு வயதில் போட்டது. மறுபடி போட்டு வாங்கினோம், மறுபடியும் திரும்பியது. அப்புறம் விடுமுறை குறுக்கே வந்துவிட்டது. தீபாவளி கழிந்து நாலாம் நாள்தான் சம்பளம் போட முடிந்தது. கையெழுத்து அதிகாரத்தை இன்னொருவருக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நான் ஒரு நோட் போட்டு வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “ஏன், எனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். அந்தக் கோப்பு அதோடு சரி.

இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. திரும்ப ஞாபகத்துக்கு வந்தது அமெரிக்காவில், ஒரு கல்லறைத் தோட்டத்தில்.

சிகாகோ பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். “அப்பச்சி, காலேஜ் காலேஜ்னே வாழ்ந்தவுக நீங்க, வாங்க ஒரு காலேஜைக் காட்டுறேன்” என்று இரண்டு மணி நேரம் காரோட்டி, இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊருக்குக் கூட்டிப் போனாள். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1842இல் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கியது. 1879இல் பிரதானக் கட்டடம் தீப்பிடித்து எரிந்து, சில மாதங்களுக்குள் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தங்கத் தகடு போர்த்திய குவிமாடம். எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். நூலகம் 14 மாடி. அதன் முகப்பில் இயேசு இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கும் பிரம்மாண்டமான சித்திரம். அது அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைப் பார்த்த மாதிரி இருப்பதால், கோல் போட்டாயிற்று என்று நடுவர் கை தூக்குவது போல இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்களாம். நான் திருநீறு பூசுகிறவன். என்றாலும் சாமியைக் கேலி பேசுகிற உரிமை பக்தர்களுக்கு உண்டு என்பது எங்கள் ஊரிலும் வழக்கம்தான்.

அந்த நூலகத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஹெஸ்பர்க். தியோடர் ஹெஸ்பர்க், திருச்சிலுவை சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பாதிரியார். 1952இல் தன்னுடைய 35ஆவது வயதில் பல்கலைக்கழகத் தலைவரானவர், 1987 வரை 35 வருடம் இருந்திருக்கிறார். அவர் வந்தபோது சுமார் 5,000 மாணவர்கள், போகும்போது 9,600. வருடச் செலவுத் திட்டம் 97 லட்சம் டாலரிலிருந்து 17 கோடியே 66 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது. கால்பந்துக்குப் பேர் போன கல்லூரி என்ற பெயரை மாற்ற வேண்டும் என்பதில் குறியாக இருந்தவர். தலைவரான புதிதில் பந்தோடு போஸ் கொடுக்கச் சொன்ன படக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டாராம். 1972இல் பெண்களைச் சேர்த்தது அவர் காலத்தில்தான். பிரதமரையும் கலெக்டரையும் பார்த்தால் ஒடுங்கி நிற்கும் கல்லூரி நிர்வாகிகளையே பார்த்துப் பழகிய எனக்கு இன்னொரு விஷயம் பிடித்தது. அமெரிக்க அரசு 1957இல் குடிமை உரிமைகள் ஆணையம் அமைத்தபோது அதன் ஆறு உறுப்பினர்களில் இவர் ஒருவர், பிறகு அதன் தலைவர். கறுப்பின மக்களின் உரிமை விஷயத்தில் ஜனாதிபதி நிக்சனை வெளிப்படையாகக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். 1972 தேர்தலில் ஜெயித்த கையோடு நிக்சன் இவரை வெளியே அனுப்பினார்.

அந்த ஆணையத்தின் கதை ஒன்று உண்டு. 1959 ஜூலையில், கறுப்பின உறுப்பினரையும் சேர்த்து எல்லாரும் ஒரே இடத்தில் தங்க ஓட்டல் கிடைக்காத தெற்குப் பகுதியில், விமானப்படைத் தளத்தின் புழுக்கத்தில் உட்கார்ந்து தகராறு செய்துகொண்டிருந்தார்களாம். இவர் ஒரு விமானம் ஏற்பாடு செய்து, விஸ்கான்சினில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓர் ஏரிக்கரைக்கு எல்லாரையும் கொண்டுபோனார். மீன் பிடித்தார்கள், சாப்பிட்டார்கள், ராத்திரிக்குள் பெரும்பாலான பரிந்துரைகளுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம்ம ஊரில் பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பவர்கள் முதலில் பந்தி போடுவார்களே, அந்த சூட்சுமம்தான்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

1967 வரை அந்தப் பல்கலைக்கழகம் முழுக்க அவருடைய சபைக்குச் சொந்தம். நிலம், கட்டடம், பெயர், எல்லாமே. அறங்காவலர்களும் பாதிரியார்களே. அந்த வருடம் இவரும் சபைப் பெரியவர்களும் சேர்ந்து, பாதிரியார் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கு மேலே பன்னிரண்டு பேர். ஆறு பேர் சபைப் பாதிரியார்கள், ஆறு பேர் வெளியார். தலைவர் திருச்சிலுவை சபைப் பாதிரியாராகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அது இன்றும் இருக்கிறது. அதே வருடம், அதே ஏரிக்கரையில், கத்தோலிக்கக் கல்வியாளர்களைக் கூட்டி, பல்கலைக்கழகம் என்றால் அதற்கு வெளியே இருக்கிற எந்த அதிகாரத்துக்கும், சபை அதிகாரமாக இருந்தாலும், கட்டுப்படாத சுதந்திரம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார். வீட்டைத் திறந்து விட்டுவிட்டார், இனி உள்ளே சாமி தங்காது என்று சபைக்குள்ளேயே அவரைத் திட்டுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தன்னை வேலையை விட்டு நீக்கக்கூடிய ஒரு குழுவைத் தானே உட்கார வைத்த நிர்வாகி என்பதுதான் என் கண்ணில் பட்டது.

காரைக்குடிக்குத் திரும்பி வந்து எங்கள் படிப்பகத்தில் இதைச் சொன்னதும், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒரே போடாகப் போட்டார். “என்னண்ணே, முப்பத்தஞ்சு வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்திருக்காரு. இவரைப் போய் நாற்காலியை விட்டவர்ங்கிறீகளே!”

நியாயமான கேள்வி. இதில் இன்னொரு குட்டும் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சற்று முன்னால் இருந்தவர்கள் ஆறு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. பல்கலைக்கழகத் தலைவரே அங்கிருக்கும் துறவியர் இல்லத்துக்கும் தலைவர், அந்தப் பதவிக்குத் திருச்சபைச் சட்டப்படி ஆறு வருடக் கெடு. 1958இல் இரண்டு பதவிகளையும் பிரித்தார்கள். அதனால்தான் இவரால் தொடர முடிந்தது. 1952இலிருந்து 2024 வரை அங்கே தலைவராக இருந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். ஆக, கெடு விஷயத்தில் இவரை உதாரணம் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

கெடுவுக்கு உதாரணம் வேண்டுமானால் தேவகோட்டைக்குத்தான் போக வேண்டும். நான் படித்தது அங்கே தே பிரித்தோ பள்ளியில், இயேசு சபைக்காரர்கள் நடத்துவது. தலைமையாசிரியர் சாமியார் என்றால் எங்களுக்குச் சிம்ம சொப்பனம். ஒரு நாள் காலையில் அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடும் குடையோடும் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்தேன். மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம் வரை மொத்தப் பள்ளியையும் ஆட்டிப் படைத்தவர், பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “கணக்கு நோட்டை முடிச்சிட்டியா?” என்று கேட்டார். மறுநாளே அந்த அறையில் வேறு சாமியார்.

நமக்கும் இது தெரியாத வித்தை இல்லை. ஊர்களில் நகரத்தார் கோவில் காரியம் பார்ப்பவர்கள் முறை முடிந்ததும் கணக்கை வாசித்து, சாவிக் கொத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கியதை எல்லாரும் சொல்கிறோம். மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தாரே, அது போனது மத்திய அரசுக்கு. 1953இல் திறந்தார்கள், 1957இல் 48 வயதுகூட நிறையாமல் அவர் போய்விட்டார். கோவிலிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் முடிகிறது ஏன் கல்லூரிச் செயலர் அறையில் முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது. 1976ஆம் வருடத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டம் கல்லூரிக் குழு வைக்கச் சொல்கிறது, வைத்திருக்கிறார்கள். அதில் தகப்பனார் பெயர் போய் மகன் பெயர் வருவதற்குத் தீர்மானம் டைப் அடித்தவன் நான். ஒரு தடவைகூட யாரும் கை தூக்கி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அரசிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. செயலருக்கு வயது வரம்பு வையுங்கள், தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று எழுதுங்கள், காசோலையில் கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் கட்டாயம் என்று ஆக்குங்கள். இந்தக் கடைசி வரி மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் 22 வீடுகளில் தீபாவளி நடந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஹெஸ்பர்க் 2015இல் 97 வயதில் இறந்தார். வளாகத்துக்குள்ளேயே சபைப் பாதிரியார்களுக்கான இடத்தில் புதைத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய ஆளுக்கு மண்டபம் ஏதாவது கட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். வரிசை வரிசையாக ஒரே அளவில் சின்னச் சின்னச் சிலுவைக் கற்கள். என் பேரன் ஒவ்வொரு வரிசையாக ஓடி ஓடிப் பெயரைப் படித்துப் பார்த்தான். “ஐயா, எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு, எது அவருது?” என்று கேட்டான். அந்த வழியாகப் போன ஒரு மாணவி வந்து காட்டினாள். பக்கத்துக் கல்லில் இருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகள் சொன்ன இன்னொரு தகவல்தான் என்னை மிகவும் குடைந்தது. 1987இல் ஓய்வு பெற்றதும், தன்னோடு 35 வருடம் துணைத் தலைவராக இருந்த ஜாய்ஸ் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பெரிய வண்டியில் இவர் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். அப்புறம் கப்பல் பயணம். ஏறக்குறைய ஒரு வருடம். புதிதாக வந்தவர் எதைச் செய்தாலும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்பதற்காக.

எங்கள் படிப்பகத்துக்கு 19 வருடமாக நான்தான் செயலாளர் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நண்பர் எழுதிவிடுவார். ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டு, செக்காலையில் மருந்துக் கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரிடம் சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை இன்னும் இடுப்பைத் தடவுகிறது. போன வாரம் போனால், புத்தக பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறார். மேற்கு வெயில் நேரே விழும், தாள் எல்லாம் பழுத்துப் போகும். வாய் வரைக்கும் வந்தது. பேசாமல் வந்துவிட்டேன். மறுநாளும் போய் ஜன்னலைப் பார்த்தேன்.

வரும் வியாழக்கிழமை கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் புறப்படுகிறேன். ஒரு மாதம் அங்கேதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
காரைக்குடி