நோட்டில் எழுதிவை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. சின்னவன் வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. காரணம் உனக்குத் தெரியும், நான் எழுதவேண்டியதில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் சாப்பிட்டியா என்பேன், நீ சாப்பிட்டேன்பா என்பாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதுவும் நீ எடுக்கிற நாளில்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசினார். கோள் சொல்லவில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை. வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீ பார்த்த பெரியத்தை வேறு, என் அக்கா வேறு. வெற்றிலைப் பெட்டியும் கோரைப்பாயுமாகத் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் கேலி பேசுவாளே, அந்த மனுஷி ஐம்பது வயதுக்கு அப்புறம் வந்தவள். அதற்கு முன்னால் அக்காவுக்கு மாதத்தில் பத்து நாள் ஆகாது. நெல் அவித்துக்கொண்டிருப்பாள், அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். யாராவது எழுப்பினால் சண்டை. பாத்திரம் பறக்கும். ஒருமுறை கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தவளைத் தாத்தா பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதை நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நீயும் அம்மாவிடம் கேட்காதே.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு விலக்கானால் கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று நாள் உட்காரவேண்டும். தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். அதனால் யாருக்கு எப்போது என்பது சின்னப் பையன் எனக்குக்கூடத் தெரியும். அக்கா கொல்லையில் போய் உட்கார்ந்த மறுநாள் பார்த்தால் முகம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். சோழி உருட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு, "டேய், அடுப்படியிலேர்ந்து ஒரு துண்டு வெல்லம் திருடிட்டு வாடா" என்பாள். நேற்று பாத்திரத்தை வீசியவளா இவள் என்று இருக்கும். அதற்கும் பாட்டியிடம் ஒரு விளக்கம் இருந்தது. தீட்டு ஒத்துக்கொள்ளாமல் பேய் ஓடிப்போய்விடுகிறதாம். மாதாமாதம் ஓடிப்போய், மாதாமாதம் திரும்பி வருகிற பேய்.

புத்தி தெளியும் என்று நம்பிக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மண்டலம், 48 நாள், பாட்டியும் அக்காவும் அங்கேயே தங்கினார்கள். நடுவில் இரண்டு வாரம் அக்கா அவ்வளவு தெளிவாக இருந்தாளாம், தாத்தா மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 48 நாளில் ஒரு பெண்ணுக்கு எத்தனை மாதம் அடங்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மண்டலம் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில் பழைய கதை.

கல்யாணம் ஆகி வயிற்றில் பிள்ளை உண்டானபோது ஒன்பது மாதமும் நன்றாக இருந்தாள். பிள்ளை பெற்று, மறுபடி மாதவிலக்கு ஆரம்பித்ததும் மறுபடி அதே. ஐம்பதில் எல்லாம் நின்றது, பேயும் நின்றது. எத்தனை வருஷம் ஒரே வீட்டில் பார்த்த விஷயம். படிக்காதவர்கள் என்று பாட்டியைச் சொல்கிறோம், நான் பி.பார்ம் படித்தவன். எனக்கும் அது ஒரு கோடாகத் தெரிந்தது, போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை "மாமா, பீரியட் வந்துட்டா அவளே சரியாயிடுறா" என்று சொன்னபோதுதான்.

நம் மருந்துக்கடை காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நீ பேசிய நாளில் நான் தாளின் ஓரத்தில் 'பாப்பா' என்று எழுதிவைப்பேன், அம்மாவுக்குச் சொல்வதற்காக. உளவு பார்த்தேன் என்று நினைக்காதே. எழுதாத நாட்கள் கும்பல் கும்பலாக இருந்தன. வேலையை விட்டதும் அப்படி ஒரு கும்பலில். முதல் தடவையிலேயே வங்கிப் பரீட்சை தேறியவள், நம் தெருவிலேயே முதல் ஆள், ஒரு ராத்திரியில் ராஜினாமா அனுப்பிவிட்டு, நாலு நாள் கழித்து ஏன் அனுப்பினேன் என்றே தெரியவில்லைப்பா என்று அழுதாயே. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அதை விடு.

நம் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் எடுத்ததும், "ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்திருக்குமே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீயும் அதைத்தானே சொன்னாய்: எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், டாக்டர் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார், அப்புறம் நான் யாரிடம் போய் என்ன சொல்ல என்று.

இதில் ஹார்மோன் அளவு நார்மலாகத்தான் இருக்குமாம். பெனிசிலின் ஊசி ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும், ஒருத்தருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்துப்போகும். அதற்காக மருந்து கெட்டுப்போனது என்று நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவேனா? அப்படித்தான் இதுவும் என்று புரிந்துகொண்டேன். எல்லாப் பெண்களுக்கும் ஏறி இறங்குகிற அதே ஈஸ்ட்ரோஜன், அதே புரோஜெஸ்டிரோன். சிலருடைய மூளை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதில்லை. அமெரிக்காவில் பீட்டர் ஷ்மிட் என்கிற டாக்டரின் குழு 1998-ல் இதைச் சோதித்துக் காட்டியது. இந்தத் தொந்தரவு உள்ள பெண்களுக்கு ஊசி போட்டு ஹார்மோன் சுரப்பை அடக்கினார்கள், பலருக்கு எல்லாம் அடங்கியது. அப்புறம் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தார்கள், தொந்தரவும் திரும்ப வந்தது. தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் அதே ஊசி, அதே ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2017-ல் அதே இடத்து ஆட்கள், இந்தப் பெண்களின் இரத்த அணுக்களிலேயே சில மரபணுக்கள் வேறுவிதமாக வேலை செய்கின்றன என்று கண்டார்கள். டென்ஷனாம் டென்ஷன்.

இதற்குப் பெயர் பி.எம்.டி.டி., முழுப்பெயர் பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்போரிக் டிஸ்ஆர்டர். 2013-லிருந்து மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. மாதவிலக்குக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் வரும். விலக்கு வந்த சில நாளில் விட்டுப்போகும். எரிச்சல், அழுகை, தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது. நீ மூன்று வருஷமாகத் தனித்தனி டாக்டரிடம் காட்டுகிறாயே, தலைவலிக்கு ஒருவர், அசதிக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர், யாராவது ஒருவர் தேதி கேட்டார்களா?

நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நோட்டு வாங்கு. தினமும் ராத்திரி நாலு வரி எழுது: மனசு எப்படி, தூக்கம் எப்படி, தலைவலி உண்டா, விலக்கு எந்தத் தேதி. இரண்டு மாதம் விடாமல். பின்னால் யோசித்து எழுதக்கூடாது, அன்றன்றைக்கே எழுதவேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் கிடையாது, இரத்தப் பரிசோதனையும் கிடையாது, அந்த நோட்டுதான் பரிசோதனை. மாதம் முழுக்கவே மனசு சரியில்லாமல் இருந்து அந்த வாரத்தில் மட்டும் கூடுகிறதா, அல்லது அந்த வாரத்தில் மட்டும்தானா என்பதும் அதில்தான் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் பார்த்து ஆறு மாதத்துக்கு மேலிருந்தால் திரும்பப் பார்த்துவிடு.

தலைவலி விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், மறக்காமல் படி. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உனக்கு ஒற்றைத் தலைவலி, வருவதற்கு முன்னால் கண்ணில் வளைவு வளைவாக மின்னல் கோடு தெரியும் என்பாய். ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்குகிற அந்த இரண்டு மூன்று நாளில்தான் பலருக்குத் தலைவலி பிடிக்கிறது. அது வேறு கதை. என் பயம் என்னவென்றால், பி.எம்.டி.டி.க்குச் சில டாக்டர்கள் கருத்தடை மாத்திரை எழுதுவார்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் மின்னல் கோடு தெரிகிற தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடக்கூடாது, பக்கவாதம் வருகிற வாய்ப்பைக் கூட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். தலைவலி என்று மட்டும் சொல்லாதே, கண்ணில் கோடு தெரியும் என்று சொல்.

இன்னொன்றும் சொல். உன் கல்யாணத்துக்காக விலக்குத் தேதியைத் தள்ளிப்போட நாரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம் நான்தான் கடையிலிருந்து எடுத்துக்கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி நீ பூட்டிக்கொண்டு அழுதாய், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாய். பெண் மனசு, பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். நான் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன், முகூர்த்த மாதத்தில் அந்த மாத்திரை கேட்டுக் கடைக்கு வராத வீடு கிடையாது. மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, காலண்டர் தாளைக் கிழித்துத் தேதி எழுதிக்கொண்டு வருவார்கள். ஆனால் அதுவும் புரோஜெஸ்டிரோன் வகைதான். அந்த வாரத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவை. சின்னவன் வீட்டு விசேஷத்துக்கு அந்த மாத்திரை வேண்டாம். தேதி வந்தால் வரட்டும், நீ வந்து கூடத்தில் உட்கார். யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கிறேன்.

வைத்தியம் இருக்கிறது, பாப்பா. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள்தான் இதற்கும் முதல் மருந்து. மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும், இதற்குச் சில நாளிலேயே கேட்கும். சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் கொடுப்பதும் உண்டு. பைத்தியத்துக்கு மாத்திரை என்று உன் மாமியார் ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல். நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, நீயாக நிறுத்தாதே. கடைக்காரன் பெண் என்று அசட்டையாக இருக்காதே.

அந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதே. வேலை, வீடு, மாப்பிள்ளையோடு இருப்பது இல்லாமல் இருப்பது, எதுவானாலும் விலக்கான ஐந்தாம் நாள் யோசிக்கலாம். நீ கெட்டிக்காரி, மற்ற இருபது நாளில் நீ எடுக்கிற முடிவு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நோட்டு வாங்கினாயா?

இவ்வளவு எழுதியும் எழுதவேண்டியதை எழுதவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறேன். கேட்டுவிடுகிறேன். அந்த நாட்களில், நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று உனக்குத் தோன்றுகிறதா? மாப்பிள்ளையிடம் அப்படிச் சொன்னாயாமே. சும்மா கோபத்தில் சொன்னதாக இருந்தால் என்னைத் திட்டிவிட்டுப் போ. இல்லையென்றால் என்னிடம் ஒளிக்காதே. இந்தத் தொந்தரவில் அப்படித் தோன்றுவதும் உண்டு என்று டாக்டரம்மாவே சொன்னார், அதனால்தான் தள்ளிப்போடாதே என்றார். அப்படித் தோன்றுகிற ராத்திரி நோட்டு எல்லாம் வேண்டாம். மாப்பிள்ளையை எழுப்பு. என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும். எங்கள் யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ், மத்திய அரசு நடத்துவது, இருபத்துநாலு மணிநேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நம்பரை மாப்பிள்ளை போனிலும் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ பதில் கடிதம் எழுதமாட்டாய், தெரியும். வாட்ஸப்பில் 'வா' என்று ஒரு எழுத்து அனுப்பு, அன்றைக்கே திருச்சியில் ரயில் ஏறிவிடுவேன். அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஊறுகாயும் தயாராகத்தான் இருக்கிறது.

மனநல டாக்டர் அங்கே யாரிடம் போகலாம் என்று மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டிருக்கிறார். பீஸ் எவ்வளவானாலும் நான் அனுப்புகிறேன், கணக்கு எழுதாதே. நோட்டை மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா